காகிதத்தைச் சுற்று

இரண்டாம் வகுப்பில் ஓவியப் பாடம் நடக்கிறதென்றால் வராந்தாவின் கடைசியிலிருந்தே தெரிந்துவிடும். மற்ற வேளைகளில் ஒருவர் பேசுவார், பிள்ளைகள் கேட்பார்கள். இந்த வேளையில் எல்லாரும் பேசுவார்கள், கேட்கத்தான் ஆள் இருக்காது. மேசை இழுபடும், தண்ணீர்க் குவளை கவிழும், யாராவது யாருடைய பச்சையையாவது எடுத்திருப்பார்கள். பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் கதவைச் சாத்திக்கொண்டு தலையில் அடித்துக்கொள்வார். ஓவிய டீச்சர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிறவள் இல்லை. முழங்கைவரை ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, மேசை மேசையாகப் பழைய செய்தித்தாளை விரித்து, பாட்டில் மூடிகளில் சாயத்தைப் பிதுக்கி வைத்துக்கொண்டே போவாள். தேய்ந்துபோன மெழுகு கலர்த் துண்டுகளை அவள் தூக்கிப் போடுவதே கிடையாது. வீட்டில் கரண்டியில் உருக்கி, ஒன்றாக வார்த்துக் கொண்டுவருவாள். அப்படி வருகிற குச்சி என்ன நிறம் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகள் அதற்குத்தான் அடித்துக்கொள்வார்கள்.

அவளுடைய வகுப்பில் சட்டம் இரண்டுதான். ஒன்று, டீச்சரின் கை பிள்ளையின் காகிதத்தில் படாது. மரத்துக்கு ஊதா இலை போட்டால் போட்டதுதான். பூனைக்கு அஞ்சு கால் இருந்தால், அந்த அஞ்சாவது கால் எதற்கென்று கேட்பாளே தவிர, தப்பு என்று சொல்லமாட்டாள். இரண்டாவது சட்டம் பிள்ளைகளுக்கே மனப்பாடம். ஆறேழு வயசுப் பிள்ளைக்குக் கை குட்டை. காகிதத்தின் அந்தக் கோடிக்குப் போக வேண்டுமென்றால் பெஞ்சு மேல் ஏறும், கழுத்தைக் கோணும், படத்தின் மேலேயே படுக்கும். எழுந்திருக்கும்போது பாதிப் படம் சட்டையில் இருக்கும். அதனால் எவனாவது உடம்பை வளைக்க ஆரம்பித்தால் டீச்சர் வாயைத் திறக்கவே வேண்டாம், மொத்த வகுப்பும் கத்தும்:

"கழுத்தைக் கோணாதே, காகிதத்தைச் சுத்து!"

அன்றைக்குப் பாடம், 'நம்ம வேன்'. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஹாரன் மாமா உடம்பு சரியில்லாமல் வீட்டில் படுத்திருந்தார். அவருக்கு அனுப்புவதற்காக ஆளுக்கொரு படம். ஹாரன் மாமா வேறு யாருமில்லை, டீச்சரின் வீட்டுக்காரர்தான். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு வாசலிலும் வெவ்வேறு தினுசில் ஹாரன் அடிப்பார். எந்த ஹாரன் யாருக்கு என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

"டீச்சர், மாமா எப்ப வருவாரு?"

"வருவாரு. தேறிக்கிட்டு இருக்காரு."

"புது மாமா சிரிக்கவே மாட்டேங்கறாரு டீச்சர்."

"அவருக்குப் பல்லு வலிடா," என்றது இன்னொன்று.

"தினமுமா வலிக்கும்?"

"டீச்சர், நான் வேனுக்குக் கதவு போட்டுட்டேன், ஆனா அது சரியாவே வரல." இது அழிரப்பர். அந்தப் பெண்ணின் நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. எதைப் போட்டாலும் அழிக்கும். அழித்து அழித்துக் காகிதம் ஓட்டையாகும். கடைசியில் ஓட்டைக்கு மேல் ஒரு சூரியனைப் போட்டு மூடும்.

"கதவு நல்லாத்தான இருக்கு. யாரு அது, கதவுகிட்ட?"

"நான்தான். எறங்கிட்டேன். மாமாவுக்கு டாட்டா காட்டறேன். என் கை மட்டும் அழிஞ்சு போச்சு."

"மறுபடி போடு. மாமாவுக்குத் தெரியணும்ல, டாட்டா காட்டறது."

அழிரப்பர் நாக்கைத் துருத்திக்கொண்டு கையைப் போட்டது. மறுபடி அழித்தது. மறுபடி போட்டது.

வீட்டுக் கூடத்தில் தெருக்கதவுக்கு இரண்டு பக்கமும் வெறும் சுவர். வலப்பக்கம் ஓர் ஆணியில் வேன் சாவி தொங்கும், இடப்பக்கம் ஓர் ஆணியில் காலண்டர். அன்று சாயங்காலம் டீச்சர் ஒட்டுவதற்குக் கஞ்சிப் பசை காய்ச்சி, பிள்ளைகளின் படங்களை அந்தச் சுவரில் இரண்டு பக்கமும் வரிசையாக ஒட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். இந்தா இது பெரிய பையன் வரைஞ்சது, வேனுக்குக் கொம்பு வச்சிருக்கான் பாரு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து முகம் வாடிவிட்டது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. ஏழெட்டுப் பேர்தான் வரைஞ்சாங்களா? வண்டி நெறையப் பிள்ளைங்களை ஏத்தினேன்."

"எல்லாருந்தான் வரைஞ்சிருக்காங்க."

"அழிரப்பர் வரையலயே."

டீச்சர் சுவரைப் பார்த்தாள். அழிரப்பரின் படம் காலண்டருக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேரே இருந்தது.

வியாதி வந்தது அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு மத்தியானம். பள்ளிக்கூட முற்றத்தில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து வாளி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கை, இடது கால் கொஞ்ச நாள் மக்கர் செய்துவிட்டுத் திரும்ப வந்துவிட்டன. வாய் கோணவில்லை, பேச்சு குழறவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் ஒரே குரலில், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

போகவில்லை. தட்டில் சோறு போட்டால் வலப்பக்கத்துச் சோற்றை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு என்ன, இவ்வளவுதானா?" என்பார். இடப்பக்கத்தில் முட்டையும் கீரையும் போட்டது போட்டபடி இருக்கும். முகத்தில் பாதி மட்டும் மழித்துக்கொண்டு வந்து நின்றபோது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பத்தாம் வகுப்பு, சிரிக்கிற வயசு. அவர் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டதும்தான் சிரிப்பு நின்றது. அவர் விளையாட்டுக்குச் செய்யவில்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்ணையும் வட்டத்தின் வலப்பக்கத்திலேயே அடைத்து வைத்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார் அவர். நல்ல கூட்டமுள்ள பேருந்தில் ஒரே பக்கம் ஆள் தொங்குகிற மாதிரி இருந்தது.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர், டீச்சரைத் தனியே கூப்பிட்டு. "கண்ணு பாக்குது, மூளை எடுத்துக்க மாட்டேங்குது. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்கு இல்லாம போயிடுச்சு. அவர்கிட்ட கேட்டா ஒரு கொறையும் இல்லம்பாரு. அதுதான் இதுல கஷ்டம்."

"சரியாகுமா டாக்டர்?"

"சில பேருக்கு ஆகும். சில பேருக்குப் பாதி ஆகும். வீட்ல பழக்குங்க. எப்பவும் இடப்பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க. படம் வரையச் சொல்லுங்க. முழுசா வரைய ஆரம்பிச்சாருன்னா மூளை எடுத்துக்குதுன்னு அர்த்தம்."

"வண்டி..."

"அதுக்கப்பறம் பேசலாம்."

வண்டிதான் அவருக்கு எல்லாம். மற்ற டிரைவர்கள் மாதிரி லாரி, பேருந்து என்று அவருக்கு ஆசை வந்ததே இல்லை. காலையில் தூக்கக் கலக்கத்தோடு ஏறுகிற பிள்ளைகளை வம்புக்கு இழுத்து, பள்ளிக்கூடம் வருவதற்குள் சிரிக்கவைத்து இறக்கிவிட வேண்டும். அது நடக்காத நாள் அவருக்கு நாளே இல்லை. வீட்டில் அடைந்து கிடக்கிற ஒவ்வொரு நாளும் அவர் இளைத்துக்கொண்டே வந்தார். காலையில் அந்த வேளை வந்தால் எழுந்து வாசல் பக்கம் போவார். வாசலோரக் கொட்டகையில் வேன் இருக்காது. தற்காலிக டிரைவர் எடுத்துக்கொண்டு போயிருப்பான். திரும்பி வந்து நாற்காலியில் உட்காருவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது டீச்சருக்கு உள்ளூர ஒரு தைரியம் இருந்தது. மருந்து மாத்திரை என்றால் அவளுக்கு என்ன தெரியும்? ஊசி போடச் சொன்னால் கை நடுங்கும். ஆனால் டாக்டர் கேட்டது படம். வரையத் தெரியாத கையை வரைய வைப்பதுதானே அவள் பிழைப்பு?

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துவிடுவாள். அவரும் கை கால் கழுவிக்கொண்டு மாணவன் மாதிரி வந்து உட்காருவார்.

"டீச்சர், ஒண்ணுக்குப் போகணும் டீச்சர்."

"சும்மா இருங்க. ஒரு வீடு வரையுங்க."

"எந்த வீடு? மாடி வீடா?"

"எதையோ ஒண்ணு."

கூரையில் பாதி, ஒரு சன்னல், அரைக் கதவு. அதோடு நிறுத்தி, "முடிஞ்சிருச்சு," என்றார். கத்தியால் வெட்டின கேக் மாதிரி வீடு பாதியில் நின்றது. தப்பு என்று சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. அவள் நாக்குக்கு அந்தச் சொல்லே பழக்கமில்லை. பேனாவை வாங்கி மீதியைப் போட்டுக் காட்டலாம் என்றால் அதற்குக் கை வரவில்லை. இத்தனை வருஷமாக ஒருவர் காகிதத்தையும் தொடாத கை. அவர் கழுத்து வலப்பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும், யோசிக்கவேயில்லை, வகுப்பில் வருகிற மாதிரி வாயில் தானாக வந்துவிட்டது.

"காகிதத்தைச் சுத்துங்க."

"ஏன்?"

"சுத்துங்களேன். ஸ்டியரிங் மாதிரி."

ஸ்டியரிங் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாயால் வண்டியைக் கிளப்பி, இரண்டு கையாலும் காகிதத்தைப் பிடித்து ஒரு வளைவு வளைத்தார். இடப்பக்கம் வலப்பக்கம் வந்தது. வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டு அவர் திடுக்கிட்டார்.

"அட, பாதி வீட்டைக் காணோமே!"

"போடுங்க."

போட்டார். மீதிக் கூரை, மீதிக் கதவு, தலைகீழாக ஒரு சன்னல், அதில் தலைகீழாக ஒரு பூனை. டீச்சர் சிரித்தாள், அழுதாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அந்தப் படத்தையும் சுவரில் ஒட்டினாள்.

அதற்கப்புறம் தினமும் அதே பாடம். பூ, குடை, மனித முகம். கடிகாரம் என்றால், ஒவ்வோர் எண்ணுக்கும் காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே போவார். எண்கள் வரிசையாக இடம்பிடித்து உட்கார்ந்தன. டாக்டர் சொன்ன மற்றது, அந்தத் தலையைத் திருப்புகிற விஷயம், அவளுக்கு மறந்து போகவில்லை. ஆனால் கழுத்தைக் கோணாதே என்றே சொல்லிப் பழகினவளுக்கு, கழுத்தைத் திருப்புங்க என்று சொல்வதைவிட இது கைக்கு அருகில் இருந்தது. காகிதம்தான் நிறைகிறதே, பிறகென்ன?

மகள்தான் ஒருநாள் படிக்கிற புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிச் சொன்னாள்.

"அம்மா, அப்பா பேப்பரைச் சுத்தறாரும்மா. பாக்க மாட்டேங்கறாரு."

"பாக்காமலா இவ்வளவும் வரையறாரு?"

"அது வேற, இது வேறம்மா. நேத்து நான் அந்தப் பக்கம்தான் ஒக்காந்திருந்தேன். பாப்பா எங்க, இன்னும் வரலயான்னு உன்கிட்ட கேட்டாரே."

"உன் வேலையப் பாரு. நல்லது நடந்தா பொறுக்காது உனக்கு."

சொன்னபிறகு டீச்சருக்கே அது அதிகம் என்று பட்டது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். டாக்டர் தாளையும் பேனாவையும் மேசையில் வைத்துவிட்டு, புதிதாக எடுத்த ஸ்கேன் படத்தை சன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் இவர் காகிதத்தை மெல்லச் சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று. சுற்றி முடித்துக் காகிதத்தை நேராக்கி வைத்தார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த நிமிஷத்தில் அவளுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. போட்டிக்கு அனுப்பின பிள்ளையைப் பார்க்கிற மாதிரி மனசு அடித்துக்கொண்டிருந்தது. சரியாகப் போட்டுவிடு, சரியாகப் போட்டுவிடு.

டாக்டர் திரும்பினார். கடிகாரத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஒரு பூவையும் வரையச் சொல்லிவிட்டு, அது முடிவதற்குள் வேறு யாரோ கூப்பிட எழுந்து போய்வந்தார். பூவும் முழுசாக இருந்தது.

"அசத்திட்டீங்களே! யாரு பழக்கினது?"

"வீட்லயே டீச்சர் வச்சிருக்கேன் டாக்டர்."

"கை கால் பலம் நல்லா இருக்கு, பார்வையும் சரி. திங்கக்கிழமையிலேருந்து வண்டி எடுங்க. ஆரம்பத்துல மெதுவா ஓட்டுங்க."

டீச்சர் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். வெளியே வரும்போது கால் தரையில் பாவவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் சாலையைக் கடக்க வேண்டும். அவர் முன்னால் போனார், வேகமாக, பழையபடி கையை வீசிக்கொண்டு. இடப்பக்கமிருந்து ஒருவன் சைக்கிளில் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு மணியடித்தபடி வந்தான். நாலு கடை தள்ளி வருகிறபோதே டீச்சர் பார்த்துவிட்டாள். அவரும் பார்த்திருப்பார் என்று நினைத்தாள். அவர் நடையைக் குறைக்கவேயில்லை. சைக்கிள்காரன் "யோவ்!" என்று கத்தினான். டீச்சர் பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். கேன் ஒன்று அவர் முழங்கையை உரசிக்கொண்டு போயிற்று.

"எங்கேருந்து வந்தான் இவன்? வானத்துலேருந்து குதிச்சானா?" என்று அவர் வலப்பக்கம் பார்த்துத் திட்டினார்.

டீச்சர் பிடித்த சட்டையை விடவில்லை. அவள் புருஷனுக்கு ஒன்றும் சரியாகவில்லை. இடப்பக்கத்தை அவர் பார்க்கவேயில்லை. இடப்பக்கத்தை வலப்பக்கத்துக்குக் கொண்டுவர அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள், அவ்வளவுதான். சாலை தன் பாட்டுக்குக் கிடந்தது. அதை எந்தப் பக்கம் பிடித்துச் சுற்றுவது?

வீட்டுக்கு வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே."

"எது?"

"வண்டி."

"டாக்டர் சொன்னது காதுல விழலயா?"

"நீங்க பேப்பரைச் சுத்தித்தானே வரைஞ்சீங்க. அத அவரு பாக்கல."

"நீதான சுத்தச் சொன்ன?"

"ஆமா. தெரியாமச் சொல்லிட்டேன்."

"இந்தா பாரு," என்றார், கோபமில்லாமல், ஒரு பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. "எனக்கு எல்லாம் தெரியுது. இந்த மேசை தெரியுது, சன்னல் தெரியுது, நீ தெரியற. என்ன தெரியலங்கற, சொல்லு?"

என்னவென்று சொல்வாள்? தெரியாததைக் காட்டினால் அது தெரிந்துவிடுகிறது. காட்டாவிட்டால் அது இல்லை.

"பயப்படாத," என்று அவர் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். "பிள்ளைங்க விஷயத்துல நான் எப்பவாவது அஜாக்கிரதையா இருந்திருக்கேனா?"

இல்லை. ஒருநாளும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனாள். டாக்டர் வெளியூர் போய்விட்டார், அடுத்த வாரம்தான் வருவார் என்றார்கள். அங்கிருந்து நேரே தலைமையாசிரியை வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக டீச்சர் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து அந்த அம்மாள் பதறிவிட்டார்கள். டீச்சர் எல்லாவற்றையும் கொட்டினாள். காகிதத்தைச் சுற்றச் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மிப் போயிற்று.

"நீங்க சொன்னது நல்லதாப் போச்சு டீச்சர். பிள்ளைங்க விஷயமாச்சே. நாளைக்கும் அந்தத் தற்காலிக டிரைவரையே வரச் சொல்றேன். எப்பவும்போலக் காலைல உங்க வீட்டுக்கு வந்து வண்டிய எடுத்துக்கட்டும்."

"சரிங்க மேடம்."

"ஆனா அவர்கிட்ட யாரு சொல்றது?"

டீச்சர் தரையைப் பார்த்தாள்.

"நான் ஃபோன்ல சொன்னா மனசு ஒடைஞ்சிடுவாரு. எத்தன வருஷமா ஓட்டறாரு. நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க. வீட்டுக்காரர்தானே."

பக்குவமாக! வழி நெடுக அந்தப் பக்குவத்தைத் தேடிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் கொட்டகையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சீட்டியடித்துக்கொண்டிருந்தார். வேனின் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. மறுபக்கம், பிள்ளைகள் ஏறி இறங்குகிற கதவு இருக்கிற பக்கம், ஒரு வாரப் புழுதி அப்படியே இருந்தது.

"எப்படி?" என்றார்.

"நல்லாருக்கு," என்றாள் டீச்சர்.

சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். அவர் நாளைக்கு எந்தப் பிள்ளையிடம் முதலில் என்ன வம்பு பேசுவது என்று யோசித்து யோசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டை அவரவர் கழுவியும் ஆயிற்று. அவர் முகம் கழுவப் போனபோது டீச்சர் கூடத்துக்கு வந்தாள். வலப்பக்க ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். ஒளித்து வைக்கத்தான் எடுத்தாள். அலமாரிக்குள் போட்டிருக்கலாம், தலையணைக்கு அடியில் வைத்திருக்கலாம். அவள் கை அதற்கெல்லாம் போகவில்லை. காலண்டர் ஆணியில், அழிரப்பரின் படத்துக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மாட்டிவிட்டாள். சொல்ல முடியாதவளுக்குத் தெரிந்த வழி அதுதான். மகள் பார்த்தாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை அவர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். வலது கை தானாக ஆணிக்குப் போயிற்று. வெறும் ஆணி.

"சாவி எங்க?"

டீச்சர் அடுப்படியில் கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"இங்கதான மாட்டினேன். பாப்பா, சாவியப் பாத்தியா?"

மகள் தலைமுடியை வாரிக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள்.

அவர் முதலில் சிரித்தார். "எலி தூக்கிட்டுப் போயிருச்சா?" மேசையைப் பார்த்தார், சன்னல் ஓரம் பார்த்தார், சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். கூடத்தின் நடுவே நின்று சுவரைப் பார்த்தார். வெறும் ஆணியையும் ஏழெட்டுப் படங்களையும் பார்த்தார். மறுபடி மேசை, மறுபடி சன்னல். நாற்காலி மெத்தையைத் தூக்கினார். செருப்பைக் கவிழ்த்தார். மூச்சு வாங்க ஆரம்பித்தது.

"முதல் நாளே லேட்டாப் போனா என்ன நெனைப்பாங்க? அழிரப்பர் வாசல்ல நிக்கும்டி. அது ரொம்ப நேரம் நின்னா அழுதுடும். யாராவது தேடுங்களேன்! எல்லாரும் மரம் மாதிரி நிக்கறீங்க!"

குரல் உடைந்துவிட்டது. நெற்றியில் வேர்வை. மண்டிபோட்டு மேசைக்கு அடியில் தேட ஆரம்பித்தார், காக்கிச் சட்டையோடு. இஸ்திரி மடிப்பெல்லாம் கசங்கியது.

"அம்மா," என்றாள் மகள். "போதும்மா."

டீச்சர் ஓடிவந்தாள். தோளைப் பிடித்துத் தூக்கினாள். வகுப்பில் ஒரு பிள்ளையின் காகிதத்தைக்கூடத் தொடாதவள், புருஷன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்து, மெல்ல, கழுத்து முரண்டு பிடிக்கப் பிடிக்க, இடப்பக்கம் திருப்பினாள்.

அவர் கண் முதலில் எதிலும் நிற்கவில்லை. பிறகு நின்றது.

காலண்டர் இருந்தது. சாவி இருந்தது. அந்தப் பக்கச் சுவர் முழுக்கப் படங்கள் இருந்தன. பச்சை வேன், ஊதா வேன், இறக்கை வைத்த வேன். கதவு திறந்த ஒரு வேன். அதன் பக்கத்தில், அழித்து அழித்துக் காகிதம் நைந்துபோன இடத்தில், கையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் பிள்ளை.

"இதெல்லாம்... எப்ப ஒட்டின?"

"அன்னிக்கேங்க. எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டினேன்."

"சாவி?"

"நேத்து மாட்டினேன்."

"இவ்வளவு நேரம் இங்கதான் இருந்துச்சா?"

"ஆமா."

அவர் அழிரப்பரின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரின் உள்ளங்கைகளுக்கு நடுவே தாடை அசைந்தது.

"எறங்கி நிக்குதா?"

"ம்."

"கதவு இந்தப் பக்கம்தான இருக்கு." படத்திலிருந்த கதவைக் காட்டினார். "எறங்கி வண்டிக்கு முன்னால ஓடும் அது. எத்தன தடவ சொன்னாலும் ஓடும். நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

டீச்சர் அழுதுகொண்டிருந்தாள்.

"கையை எடுத்துடாத," என்றார் அவர். "எடுத்தா போயிடும்போல இருக்கு."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். தற்காலிக டிரைவர்தான். மகள் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு கதவை அரையாகத் திறந்து வெளியே நீட்டினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் என்று கேட்கவில்லை. கொட்டகையில் வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. தெருவுக்கு வந்து, போகிற போக்கில் ஒரே நீட்டாக ஒரு ஹாரன்.

"வெறும் அழுத்து அழுத்தறான்," என்றார். "எந்தப் பிள்ளைக்குன்னு எப்படித் தெரியும்?"

டீச்சருக்கு முதல் வேளையே இரண்டாம் வகுப்பு. மகள் கிளம்பிவிட்டாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு விரலாகக் கையை எடுத்தாள். கழுத்து கொஞ்ச நேரம் வைத்த இடத்திலேயே நின்றது. அப்புறம், யாரும் தள்ளாமலே, மெல்ல வலப்பக்கம் போய்விட்டது. உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, பையில் பாட்டில் மூடிகளையும் புதிதாக வார்த்த மெழுகுக் குச்சிகளையும் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவசரத்தில் இடப்பக்கம் வந்து நின்றுவிட்டாள்.

அவர் எதிர்ச்சுவரில் அந்த ஏழெட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூடத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார், வலப்பக்கம் மட்டும்.

"போயிட்டா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

கையெட்டுகிற தூரத்தில் நின்றிருந்தாள். கூப்பிடத் தெம்பில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்காலியின் பின்பக்கமாகச் சுற்றி, வலப்பக்கம் வந்து நின்றாள்.

"போயிட்டு வரேங்க," என்றாள்.